மரண அறிவித்தலில் எழுதாதவை

என் அன்பு மச்சாள் டொறத்திக்கு,

உங்களைக் குளிப்பாட்டும்போது அந்த இடது மணிக்கட்டை இன்னொரு தடவை பார்த்தேன். முறிந்த எலும்பு கோணலாகப் பொருந்திய இடம் தோலுக்கு மேலே சிறிய மேடாக அப்படியே இருந்தது. அஜக்ஸில் உள்ள அந்த மரணச்சடங்கு மண்டபத்துப் பெண், பழைய காயமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஓம்" என்றேன், தமிழில். அவளுக்கு விளங்கியது.

இதை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள். அதனால் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கனடாவில், ஒன்ராறியோவின் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பூர்வகுடி ஊரில் பிறந்தவர். என் அண்ணை சிவபாலன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். நீங்கள் அவருடைய மனைவி. நான் அவருடைய தங்கை. இந்த ரொறன்ரோ நகரத்துத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் தலை நரைக்கும்வரை செய்தி எழுதியவள். லீனா உங்கள் ஒரே பிள்ளை.

ஒஷாவா ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை அம்மாவுக்குப் பக்கத்திலை கொண்டுபோய் விடுங்கோ. எரிக்க வேண்டாம்." லீனா ஓம் என்றாள். நானும் ஓம் என்றேன். அதைச் சொல்லும் உரிமை எங்கள் இருவருக்குமே இல்லை என்பது அப்போது தெரியாது.

மண்டபத்து மனேஜர் ஒரு நல்ல பையன். தயங்கித் தயங்கித்தான் சொன்னான். உயில் இருக்கிறதா? இல்லை. விவாகரத்து? இல்லை. அப்படியென்றால் சட்டப்படி முடிவெடுக்க வேண்டியவர் கணவர். எத்தனையோ காலமாக வேறு வீட்டில் வாழ்ந்தாலும் கணவர் கணவர்தான். அந்தக் கணவர் அதற்குள் மிசிசாகாவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, தகனத்துக்கு நேரம் கேட்டிருந்தார்.

ஏன் மச்சாள் விவாகரத்து எடுக்கவில்லை? உங்கள் காலத்தில் இதை எத்தனை தடவை கேட்டு ஏச்சு வாங்கியிருப்பேன்! "அவங்களின்ரை கடதாசியிலை ஒருக்கால் கையெழுத்துப் போட்டன், என்ரை ஊர் போச்சுது. இனி ஒரு கடதாசியிலையும் என்ரை கை படாது, கண்டியோ." உயில் எழுதாததும் அதனால்தான். அந்தக் கோபத்தை நான் மதித்தேன். அதே கோபம்தான் கடைசியில் உங்களைத் தூக்கி அண்ணையின் கையில் கொடுத்துவிட்டது.

அந்த முதல் கையெழுத்தை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் கலியாணம் நகரத்தில் நடக்கவில்லை. உங்கள் ஊரில், பெரியவர்கள் சுற்றி நிற்க, உங்கள் அம்மா உங்களையும் அண்ணையையும் ஒரே போர்வையால் சேர்த்துப் போர்த்தினா. புகைக்குழாய் கைமாறியது. மீன் சுட்டுச் சாப்பிட்டீர்கள். ஊரின் கண்ணில் கலியாணம் அன்றே முடிந்துவிட்டது.

அண்ணைக்கு அது போதவில்லை. எங்கள் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் "எழுத்து முடிஞ்சுதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தா. எழுத்து என்பது எங்கள் பேச்சில் கலியாணப் பதிவு. தாலி கட்டுவதே கலியாணம் என்றிருந்த ஊருக்கு வெள்ளைக்காரன் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். நாங்கள் அதை எங்கள் குடும்ப மரியாதையாகவே எடுத்துக்கொண்டோம். எழுத்தில்லாத பெண்ணுக்கு எங்கள் சனம் வைத்திருந்த பெயர் உங்களுக்குத் தெரியும். அண்ணை அதை உங்களுக்கு மொழிபெயர்த்தே சொன்னார்.

உங்கள் அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. போர்வை போதும், அரசாங்கத்திடம் போகாதே என்று மன்றாடினா. நீங்கள் போனீர்கள். காதல்தான், வேறென்ன? நகரமண்டபத்தில் பேனையை வைத்த கையோடு நீங்கள் பூர்வகுடி இல்லை என்றாகிவிட்டது.

ஒட்டாவாவில் மத்திய அரசாங்கம் எழுதி வைத்திருந்த சட்டம் அப்போது அவ்வளவுதான். பூர்வகுடிப் பெண் ஒருத்தி, பூர்வகுடிப் பதிவில் இல்லாத ஆணைச் சட்டப்படி மணந்தால் அவளுடைய பெயர் வெட்டப்படும். ஊரில் குடியிருக்கும் உரிமை போகும், வீட்டு உரிமை போகும், பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை. பூர்வகுடி ஆண் ஒருவன் வெள்ளைக்காரியை மணந்தால், அவள் அன்றே சட்டப்படி பூர்வகுடி ஆகிவிடுவாள். உங்கள் பெயரை வெட்டியதாகக் கடிதம் வந்தபோது ஊர்ப் பணத்தில் உங்கள் பங்கென்று ஒரு சிறிய காசோலையும் வந்தது. அதில் பனிக்காலச் சப்பாத்து வாங்கினீர்கள். "என்ரை ஊரைக் காலிலை போட்டுக்கொண்டு திரியிறன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள்.

கொழும்பில் எங்கள் சனத்தின் வீடுகளை எரித்த அந்த எண்பத்துமூன்று ஆடிக்குப் பிறகுதான் நான் இங்கே வந்தேன். ஸ்காபரோவில் உங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறைக் கதிரைதான் என் கட்டில். எனக்கு பஸ் ஏறப் பழக்கியது நீங்கள். உங்களுக்குத் தமிழில் ஏசப் பழக்கியது நான். யார் கெட்டிக்காரி என்று இன்றும் சொல்லமாட்டேன்.

அண்ணை அடிப்பார் என்பதை வந்த முதல் வாரத்திலேயே பார்த்தேன். ஆனால் எழுதவேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைப் பற்றித்தான். அவருடைய நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். உங்களை இத்தாலிக்காரி என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். ஒருவர் சோற்றைக் குழைத்துக்கொண்டே, "அக்கா, இத்தாலியிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இத்தாலியை நான் படத்திலைதான் பாத்திருக்கிறன், தம்பி. நீங்கள் எல்லாரும் கப்பலிலையும் பிளேனிலையும் வாறதுக்கு முந்தியே இஞ்சை இருந்த ஆக்கள் நாங்கள்" என்றீர்கள், என் தமிழில். மேசை முழுவதும் சிரித்தது. அண்ணையும் சிரித்தார்.

அவர்கள் லிஃப்டில் இறங்கும்வரை பொறுத்தார். பிறகு குசினிக்குள் வந்து, கரண்டி போடும் லாச்சியை இழுத்து, உங்கள் இடது கையை அதற்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலால் உதைத்து மூடினார். திரும்ப இழுத்தார். திரும்ப உதைத்தார். கரண்டிகளின் சத்தத்துக்குள் எலும்பின் சத்தம் தனியாகக் கேட்டது. "சனத்துக்கு முன்னாலை என்னை நாறடிச்சுப்போட்டியேடி!" நான் அவருடைய முதுகில் தொங்கி இழுத்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தார். முன்பல் அன்று போனதுதான். லீனா மேசைக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

பொலிஸைக் கூப்பிட்டேன். வந்த இருவரில் மூத்தவர் உங்கள் முகத்தைப் பார்த்தார், எந்த ஊர் என்று கேட்டார், பிறகு எவ்வளவு குடித்தாய் என்று கேட்டார். நீங்கள் வாழ்நாளில் குடித்ததில்லை. என் வாயிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அண்ணை அவர்களுக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று விசாரித்தார்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு லீனாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினீர்கள். அடுத்து நடந்ததை நான் கண்ணால் காணவில்லை. நீங்கள் சொன்னதையும், பல வருடங்களுக்குப் பிறகு உங்கள் சித்தப்பாவின் மகன் றேமன்ட் சொன்னதையும் ஒப்பிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டும் பெரிதாக முரண்படவில்லை.

முதலில் உங்கள் அம்மா வீட்டு யன்னலுக்குக் கல் வந்தது. ஊரில் வீடுகள் குறைவு. அரசாங்கம் அளந்து கொடுத்த நிலத்துக்குள் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். வெளியாள் ஒருத்தியை உள்ளே விட்டால் தங்கள் பிள்ளைகளின் இடம் போகும் என்று பயந்தார்கள். கல்லோடு கத்தலும் வந்தது. "உன்ரை புருசனின்ரை ஊருக்குப் போ!" புருசனின் ஊர் எது மச்சாள்? அவருடைய சனமும் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருந்தது.

பிறகு றேமன்ட் வந்தார். அவர் அப்போது ஊர்ச்சபை உறுப்பினர். கூட இரண்டு ஆட்கள், வெளியே ஒரு பொலிஸ் வண்டி. உங்கள் அம்மா கோடரிப் பிடியோடு வாசலில் நின்றா. பின்வாங்கிக் கதவைப் பூட்டினா. கதவை உடைத்தார்கள். உங்களைத் தலைமயிரில் பிடித்து இழுத்தபோது மாவுக்கட்டு கதவு நிலையில் அடிபட்டு வெடித்தது. அம்மா ஒருவனின் தோளில் ஓங்கிப் போட்டா. அவன் தள்ளிய வேகத்தில் அடுப்பு விளிம்பில் விழுந்து தாடை கிழிந்தது. லீனா அந்த இரத்தத்தில் வழுக்கி விழுந்தாள். வண்டிக்குள் இருந்து நீங்கள் பார்த்தபோது, றேமன்டின் மனைவி, பற் என்று பெயர், தன் வீட்டு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தா. நகரத்து வெள்ளைக்காரக் குடும்பத்தில் பிறந்த பற், சட்டப்படி அந்த ஊர்க்காரி. நீங்கள் அத்துமீறி நுழைந்தவர்.

திரும்பி வந்தபோது அண்ணை கதவைத் திறந்து வழிமறித்து நின்றார். "எங்கையடி போவாய்? உனக்கு ஊருமில்லை, சனமுமில்லை. எழுத்துப்படி நீ என்ரை ஆள்." சட்டத்தை அவர் வாசித்திருந்தார். அடித்தது அவருடைய கை; தப்பிப்போகும் கதவைப் பூட்டி வைத்திருந்தது சட்டம். இரண்டில் எதை நான் முதலில் வெறுத்திருக்க வேண்டும்?

அந்தப் பனிக்காலம் உங்கள் அம்மா இறந்தா. செத்தவீட்டுக்கு விருந்தாளியாகப் போய், பொழுது சாய முன் வெளியேறச் சொன்னதால் திரும்பி வந்தீர்கள். குழிக்குப் பக்கத்து வெறும் நிலத்தைக் காலால் மிதித்து, "இது எனக்கு, ஒருத்தரும் தொடக்கூடாது" என்று சொன்னதாக என்னிடம் சொன்னீர்கள். எண்பத்தைந்தில் சட்டம் திருத்தப்பட்டு உங்கள் பெயர் பதிவுக்குத் திரும்பியது. பூர்வகுடிப் பதிவு அட்டை கைக்கு வந்த அன்றே லீனாவோடு அண்ணையை விட்டு வெளியேறினீர்கள். ஊரில் வீடு கிடைக்கவில்லை. அம்மாவின் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. முதலில் அஜக்ஸில் ஒரு நிலக்கீழ் அறை, பிறகு ஒஷாவாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை. ஊர் உங்களுக்குத் திரும்பக் கொடுத்தது அந்த மிதித்த நிலம் ஒன்றைத்தான். அதையும் அண்ணை பறிக்க வந்தார்.

மண்டபத்து அலுவலக அறையில் நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். அண்ணை கைத்தடியோடு வந்தார். வயதுபோய்விட்டது, கோயில் நிர்வாகசபையில் பெரிய ஆள், நெற்றி நிறைய விபூதி. ஒரு பையில் கூறைச்சேலையும் புதுத் தாலிக்கொடியும் கொண்டுவந்திருந்தார்.

"சுமங்கலியாய்ப் போறாள். வடிவாய் அனுப்ப வேணும். ஐயருக்குச் சொல்லிப்போட்டன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அறிவித்தலை நீ எழுது, உனக்குத்தானே கைவந்த வேலை. பிறப்பிடம் ரொறன்ரோ எண்டு போடு."

"அப்பா, பிளீஸ். அம்மா எரிக்க வேண்டாம் எண்டு கேட்டவ. ஷீ வான்டட் டு கோ ஹோம்" என்றாள் லீனா.

"ஹோமாம் ஹோம்! எந்த ஹோம்? அவளை அடிச்சுக் கலைச்ச இடமோ?"

"நீங்களும்தானே அடிச்சீங்கள்."

கைத்தடி லீனாவின் வாயில் விழுந்தது. குறி தவறவில்லை, அந்தக் கைக்கு வயது போகவில்லை, மச்சாள். மேல் உதடு கிழிந்து மேசையில் இருந்த கடதாசிகளில் இரத்தம் சொட்டியது. மனேஜர் எழும்பி நின்று, பொலிஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான். லீனா கையால் வாயைப் பொத்திக்கொண்டு "நொட் யெட்" என்றாள்.

நான் தடியைப் பறித்தேன். முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தேன். அலுமினியம், வளைந்ததே தவிர முறியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். வளைந்த தடியை அவர் மடியில் போட்டுவிட்டு, கதிரையை இழுத்து எதிரே இருந்து, "சரி, அறிவித்தல் எழுதுவம்" என்றேன்.

எங்கள் சனத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் இறந்தால் பத்திரிகை, வானொலி, இணையம் எல்லாவற்றிலும் அறிவித்தல் வரும். பிறப்பிடம், வதிவிடம், யாருடைய மகள், யாருடைய மனைவி. கனடா முதல் அவுஸ்திரேலியா வரை சனம் அதைக் காலையில் தேத்தண்ணியோடு வாசிக்கும். நான் எழுதிய அறிவித்தல்களுக்குக் கணக்கில்லை. உங்களுடையதைப் பார்க்காமலே சொன்னேன்:

"வடக்கு ஒன்ராறியோவின் ஏரிக்கரை ஊரைப் பிறப்பிடமாகவும், எழுத்து முடிந்த நாளிலிருந்து அந்த ஊருக்கு அந்நியராகவும், ஒஷாவாவை வதிவிடமாகவும் கொண்ட டொறத்தி சிவபாலன் அவர்கள் காலமானார். அன்னார், சிவபாலன் அவர்களால் குசினி லாச்சிக்குள் கை முறிக்கப்பட்ட மனைவியும், தாயின் பிரேதத்துக்கு அருகே இன்று அதே தகப்பனால் வாய் உடைக்கப்பட்ட லீனாவின் அன்புத் தாயாரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்."

"நீ போடமாட்டாய்."

"போடுவன் அண்ணை. உங்கடை படத்தையும் போடுவன். கோயில் திருவிழா மலரிலை வந்த படம், நல்ல தெளிவு."

"உடன்பிறந்தவளோ நீ? பேய்!"

"அவ ஊருக்குப் போகட்டும். உந்தக் கடதாசியிலை லீனாவின்ரை கையிலை பொறுப்பைக் குடுங்கோ."

வளைந்த தடியைத் தொடையில் வைத்து நிமிர்த்தப் பார்த்தார். உங்களுக்காக ஒரு சொல்லாவது வருமா என்று பார்த்தேன். வரவில்லை. "அறிவித்தலிலை ஒண்டும் வரக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றார்.

"அறிவித்தலிலை வராது" என்றேன்.

கையெழுத்துப் போட்டார். லீனாவின் இரத்தம் காயாத கடதாசியில்தான் போட்டார். கூறைச்சேலைப் பையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

உங்களை அந்தப் பழைய போர்வையில் சுற்றினோம், மச்சாள். அம்மா இருவருக்குமாகப் போர்த்திய போர்வை. ஒருவருக்கே அது சரியாக இருந்தது. உங்கள் ஊருக்குக் கொண்டுபோனபோது, ஊர் மண்டபத்துக்கு வெளியே உங்களுக்காகத் தீ மூட்டி வைத்திருந்தார்கள். அணையவிடாமல் ஆட்கள் மாறி மாறி இருந்தார்கள். அந்தத் தீ உங்களை எரிக்கவில்லை, காத்தது. இப்போதைய ஊர்த்தலைவி இளம் பெண். "எங்கள் மனுசி வீட்டுக்கு வந்திட்டா" என்று தங்கள் மொழியில் சொல்லி, எனக்காக ஆங்கிலத்திலும் சொன்னாள்.

நீங்கள் மிதித்துக் காட்டிய இடத்தில் குழி இருந்தது. வெட்டியவர்களில் ஒருவர் றேமன்ட். மூச்சு வாங்க, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். மண் போட அவர் குனிந்தபோது லீனா பாய்ந்து பறித்தாள். பிடி அவருடைய நெற்றியில் பட்டு இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ஒருவரும் நடுவே வரவில்லை.

"நீங்கள் தொடக்கூடாது" என்றாள் லீனா, தைத்த உதட்டோடு.

அவர் இரத்தத்தைத் துடைக்கவில்லை. "சட்டத்தை எழுதியது ஒட்டாவா. கதவை உடைத்தது நான்" என்றார். எனக்கு இத்தனை வருடப் பத்திரிகை வேலையில் யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்னதில்லை. லீனா மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் முழங்காலில் இருந்து கையால் மண்ணை அள்ளிப் போட்டார். அதை அவள் தடுக்கவில்லை.

இன்னொரு செய்தி. உங்கள் பேத்தி மாயா பிள்ளை எதிர்பார்த்திருக்கிறாள். பெடியன் மட்டக்களப்புக் குடும்பம், அமைதியானவன். அவன் கையை நான் கவனித்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சட்டம் பிறகும் சில தடவை திருத்தப்பட்டதால் லீனாவுக்கும் மாயாவுக்கும் பதிவு கிடைத்தது. மாயாவின் பிள்ளைக்கு இன்றைய சட்டப்படி கிடைக்காது, தொடர்ந்து இரண்டாவது தலைமுறையாகத் தகப்பன் பதிவில் இல்லாதவன் என்பதால். பூர்வகுடிப் பெண் யாரோடு பிள்ளை பெறுகிறாள் என்று ஒட்டாவா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உங்களை ஒரே நாளில் வெட்டினார்கள். உங்கள் வழியைத் தலைமுறை பார்த்து வெட்டுகிறார்கள். அந்தப் பிள்ளையை எந்த ஊர்ப் பிள்ளை என்று சொல்வது, மச்சாள்?

உங்கள் அறிவித்தல் வெள்ளிக்கிழமை வந்தது. மூன்றே வரி. பிறந்த ஊரின் பெயர், லீனாவின் பெயர், அடக்கம் நடந்த இடம். அண்ணைக்குக் கொடுத்த வாக்கை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றினேன். அறிவித்தலில் ஒன்றும் வரவில்லை. இது கடிதம்.

அவர் இதை வாசிப்பார். வாசிக்கட்டும், வளைந்த தடியோடு என் வீட்டு வாசலுக்கும் வரட்டும். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அண்ணை போகிற அன்று அவருடைய அறிவித்தலையும் நான்தான் எழுதுவேன். அதில் பிறப்பிடம் இருக்கும், வதிவிடம் இருக்கும், தாய் தகப்பன் பெயர் இருக்கும். "டொறத்தியின் அன்புக் கணவரும்" என்ற வரி இருக்காது.

என்றும் உங்கள் மச்சாள்,
செல்வராணி